கெட்டில், ஈபி மீட்டர், ஒரு நோட்டு: ஆற்றல் கணக்கை வீட்டிலேயே நேர் செய்யும் வழி

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆற்றல் அழிவின்மை விதியை வீட்டுப் பொருள்களை வைத்துக் காட்ட வேண்டும் என்று பள்ளியில் செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். உதவலாம் என்று கூட உட்கார்ந்தேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் சுட வைத்தோம். எங்கள் கணக்குப்படி கெட்டில் எடுத்துக்கொண்டது 2,97,000 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). தண்ணீருக்குள் போனது 2,10,000 ஜூல். நடுவில் 87,000 ஜூலைக் காணோம். “சித்தி, மீதி எங்க போச்சு?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. கல்லாவில் 87 ரூபாய் குறைந்தாலே கடையைப் பூட்டாமல் தேடுகிறவர்கள் நாங்கள். ‘வெப்ப இழப்பு’ என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடலாம் என்று கைடில் இருந்தது, கேட்ட இடங்களிலும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆற்றல் அழியாது என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘இழப்பு’ என்று எழுதினால் பிள்ளை எதை நம்புவான்?

தேடினோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசியில் அந்த 87,000 ஜூலில் பாதிக்கு மேல் காணாமலே போகவில்லை என்று தெரிந்தது. வரவையே நாங்கள் தப்பாக எழுதியிருந்தோம். மீதியில் பெரும்பகுதிக்கும் முகவரி கிடைத்தது. நாங்கள் போன வழியை வரிசையாக எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காகிதங்கள் முதலில். ஈபி கார்டு, அல்லது கடைசி இரண்டு பில். கெட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளின் போட்டோ: அதில் எத்தனை வாட், எந்த வோல்ட்டுக்கு என்று இருக்கும். பிரிட்ஜின் ஸ்டார் லேபிள் போட்டோ. மின் மீட்டரின் முகப்பு தெளிவாகத் தெரிகிற ஒரு போட்டோ. மோட்டார் கணக்கும் செய்வதாக இருந்தால் போர்வெல் போட்டபோது கொடுத்த சீட்டு. இதையெல்லாம் ஒரே நாளில் எடுத்து வைத்துவிடுங்கள். அளவெடுக்கும் நடுவில் லேபிளைத் தேடிக் கெட்டிலைக் கவிழ்க்கும் நிலை வரக்கூடாது.

செலவு அதிகமில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் துல்லியத்தில், நான் வாங்கியது 350 ரூபாய். கம்பி போல நீண்டிருக்கும் சமையல் தெர்மாமீட்டர் 280 ரூபாய். பிளக்கில் மாட்டி யூனிட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். பிரிட்ஜ் கணக்குக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கெட்டில் கணக்குக்கு அது வேண்டாம். ஸ்டாப் வாட்சும் கேமராவும் போனிலேயே இருக்கின்றன.

நேரம்: முதல் மூன்று படிகள் நோட்டில் எழுதுவது, ஒரு மணி நேரம். கெட்டில் அளவு ஒன்றுக்கு இருபது நிமிடம், மூன்று முறை செய்ய வேண்டும். மோட்டார் அரை மணி. பிரிட்ஜுக்கு முழுதாக 24 மணி நேரம்.

1. எந்தக் கணக்கு என்று முதலில் கோடு போடுங்கள்

கடைக் கணக்கும் முதலாளி வீட்டுக் கணக்கும் கலந்துவிட்டால் எந்த ஆடிட்டராலும் அதை நேர் செய்ய முடியாது. இதுவும் அப்படித்தான். நோட்டில் கெட்டிலை வரைந்து, அதைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் இருப்பது தண்ணீர், கெட்டிலின் உடல், உள்ளே இருக்கும் சூடேற்றும் தகடு. வெளியே இருப்பது அறைக் காற்று, மேடை, நீங்கள்.

விதி சொல்வது இவ்வளவுதான்: கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது, கோட்டைத் தாண்டி வெளியே போனது, இந்த இரண்டின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவே உள்ளிருப்பு கூடும் அல்லது குறையும். கோடு எங்கே என்று சொல்லாமல் ‘ஆற்றல் மாறவில்லை’ என்று எழுதினால் அதைச் சரிபார்க்கவே முடியாது. நாங்கள் முதல் வாரம் கோடு போடவில்லை. பாதிக் கணக்கில் கெட்டிலின் உடல் உள்ளே இருந்தது, பாதியில் வெளியே போய்விட்டது.

2. இருப்பு எது, கைமாறும் வழி எது என்று பிரியுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

பாடப் புத்தகத்தில் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்ப ஆற்றல், மின்னாற்றல், ஒளி ஆற்றல், ஒலி ஆற்றல் என்று எல்லாம் ஒரே பட்டியலில் வரும். பெயர்களில் தப்பில்லை. ஆனால் கணக்கு எழுதும்போது இவை ஒரே பத்தியில் நிற்காது. பீரோவில் இருக்கும் பணம் இருப்பு. பேங்க் வழியாக அனுப்பும் பணம் போய்க்கொண்டிருக்கும் பணம். இரண்டையும் கூட்டினால் ஒரே ரூபாய் இரண்டு முறை வந்துவிடும்.

இருப்புப் பத்தியில் எழுத வேண்டியவை: காஸ், பெட்ரோல், சாப்பாடு, பேட்டரி இவற்றில் இருக்கும் வேதி இருப்பு, சூடான பொருளில் இருக்கும் வெப்ப இருப்பு, உயரத்தில் இருக்கும் பொருளின் நிலை இருப்பு, ஓடும் பொருளின் இயக்க இருப்பு, இழுத்த ரப்பர், அமுக்கிய ஸ்பிரிங் இவற்றின் மீள் இருப்பு. இவை எல்லாவற்றையும் ‘இந்த நொடியில் இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்ல முடியும்.

கைமாறும் வழிகள் நான்கு. விசையால் தள்ளியோ இழுத்தோ வேலை செய்வது. ஒயரில் மின்னோட்டமாக வருவது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பமாகப் போவது. ஒளியாகவோ ஒலியாகவோ பரவுவது.

ஒயரில் வரும் மின்சாரத்தை வரவாக எழுதுங்கள், இருப்பாக எழுதாதீர்கள். அக்கா மகன் முதல் நோட்டில் ‘மின்னாற்றல் 2,97,000, வெப்ப ஆற்றல் 2,10,000, மொத்தம் 5,07,000’ என்று கூட்டி வைத்திருந்தான். பிள்ளைகள் நிறையப் பேர் இப்படிக் கூட்டுகிறார்கள். இருப்பு ஒரு பத்தி, வழி ஒரு பத்தி என்று பிரித்த பிறகு அந்தக் குழப்பம் திரும்ப வரவில்லை.

3. எல்லாவற்றையும் ஜூலுக்கு மாற்றுங்கள்

ஈபி யூனிட், கலோரி, பேட்டரியின் மில்லிஆம்பியர் மணி எல்லாம் வெவ்வேறு நாட்டுப் பணம் மாதிரி. ஒரே நாணயத்துக்கு மாற்றாமல் கூட்டக்கூடாது.

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, 36,00,000 ஜூல். உணவுப் பொட்டலத்தில் கிலோகலோரி என்று இருப்பதை 4,184-ஆல் பெருக்கினால் ஜூல். பேட்டரிக்கு ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி, அதை 3,600-ஆல் பெருக்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரி 64,80,000 ஜூல் வைத்திருக்கும், அதாவது 1.8 யூனிட். 5,000 மில்லிஆம்பியர் மணி போன் பேட்டரியில் சுமார் 69,000 ஜூல்தான் இருக்கும், யூனிட் கணக்கில் 0.02 கூட முழுதாக வராது. போன் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சத்தம் போடுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

வாட் என்பது ஆற்றல் இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் கைமாறுகிறது என்ற வேகம் அது. ‘1,500 வாட் கெட்டில் அதிக கரண்ட் இழுக்கும், 75 வாட் பேன் கொஞ்சம்தான் இழுக்கும்’ என்று சொல்வோம். கெட்டில் மூன்று நிமிடம் ஓடும், பேன் இருபது மணி நேரம் ஓடும். பேனுக்கு ஒரு நாளில் 1.5 யூனிட் ஆகிறது, கெட்டிலுக்கு ஒரு முறைக்கு 0.07 யூனிட்.

4. ஈபி மீட்டரின் சிமிட்டலைப் படியுங்கள்

இப்போதைய மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஐ.எம்.பி. என்ற எழுத்துகளோடு 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். எங்கள் மீட்டரில் 3200. 36,00,000-ஐ 3,200-ஆல் வகுத்தால் 1,125. ஆக, ஒவ்வொரு சிமிட்டலும் 1,125 ஜூல் வீட்டுக்குள் வந்தது என்று சொல்கிறது. இது தெரிந்த அன்றைக்குத்தான் எங்கள் கணக்கு திரும்பியது.

உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதால் வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் 1,125-ஐ அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

அளவெடுக்கும் முன் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைபை, கொசு மருந்து மிஷின் வரைக்கும். முக்கியமாக இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள்; பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் சிமிட்டலில் சேர்ந்துவிடும். எல்லாம் அணைத்த பிறகு இரண்டு நிமிடம் விளக்கைப் பாருங்கள். ஒரு முறையும் சிமிட்டவில்லை என்றால் தொடங்கலாம்.

அடுக்குமாடி வீடுகளில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். ஒருவர் கீழே போய் மீட்டரை வீடியோ எடுக்கட்டும். அப்புறம் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு எண்ணிக்கொள்ளலாம். மீட்டர்களுக்குக் கதவு எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். சீலையோ மூடியையோ தொடுவது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

5. கெட்டில் கணக்கு

காலிக் கெட்டிலைத் தராசில் வையுங்கள், எடையைக் குறியுங்கள். சரியாக ஒரு கிலோ தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டர் கோட்டை நம்ப வேண்டாம், எங்கள் கெட்டிலின் கோடு 40 கிராம் தள்ளி இருந்தது. தெர்மாமீட்டரை விட்டுத் தண்ணீரைக் கலக்கி வெப்பநிலையைக் குறியுங்கள். எங்களுக்கு 30 டிகிரி.

மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டும் அதே நொடியில் வீடியோ ஓட வேண்டும். கொதிக்கும் வரை விடாதீர்கள். கொதிநிலைக்குப் போனால் நிறையத் தண்ணீர் ஆவியாகிவிடும், ஒவ்வொரு கிராமும் சுமார் 2,260 ஜூலைத் தூக்கிக்கொண்டு போகும், கணக்கு சிக்கலாகிவிடும். 80 டிகிரி வாக்கில் நிறுத்துவது நல்லது. எத்தனை நொடியில் அது வரும் என்று முன்னாலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தெர்மாமீட்டரை உள்ளே விட வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அடியில் இருக்கும் தகட்டில் இன்னும் சூடு இருக்கும், அது தண்ணீருக்குள் வர அரை நிமிடம் ஆகும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள், எண் ஏறி ஓர் இடத்தில் நின்று பிறகு இறங்கத் தொடங்கும். நின்ற எண்ணைத்தான் எழுத வேண்டும். எங்களுக்கு 80 டிகிரி. நேரம் 198 நொடி. சிமிட்டல் 220.

இப்போது வரவு. முதல் வாரம் நாங்கள் என்ன செய்தோம் என்றால், லேபிளில் 1,500 வாட் என்று இருக்கிறதே என்று 1,500-ஐ 198-ஆல் பெருக்கி 2,97,000 ஜூல் என்று எழுதினோம். மீட்டர் என்ன சொல்கிறது? 220 சிமிட்டல், தலா 1,125, மொத்தம் 2,47,500 ஜூல். வித்தியாசம் 49,500.

காரணம் வோல்டேஜ். லேபிளில் சொல்லும் 1,500 வாட் 230 வோல்ட்டுக்கு. எங்கள் தெருவில் சாயங்காலம் 210 வோல்ட்தான் வருகிறது; மீட்டரின் திரையே அதைக் காட்டுகிறது, பொத்தானை அமுக்கினால் வரும். சூடேற்றும் கம்பி எடுக்கும் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 210-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 0.83. 1,500 வாட்டில் 0.83 பங்கு 1,250 வாட். அதை 198 நொடியால் பெருக்கிப் பாருங்கள், 2,47,500. சிமிட்டல் சொன்ன எண்ணேதான். அன்றைக்கு அக்கா மகன் எழுந்து நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

லேபிள் என்பது விலைப் பட்டியல் மாதிரி. கணக்கில் ஏற வேண்டியது பில்லில் வந்த தொகை.

செலவுப் பக்கம்: தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற 4,200 ஜூல். ஒரு கிலோ, 50 டிகிரி, ஆக 2,10,000 ஜூல். எடையைக் கிராமில் போட்டுவிட்டு 4,200-ஆல் பெருக்குவது இங்கே வரும் வழக்கமான தப்பு; விடை ஆயிரம் மடங்கு பெரிதாக வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

6. மீதிக்கு முகவரி கண்டுபிடியுங்கள்

2,47,500-இலிருந்து 2,10,000 போக மீதி 37,500 ஜூல். ‘வெப்ப இழப்பு’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். இந்தச் செயல்திட்டத்தில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

முதல் முகவரி கெட்டிலின் உடல். தண்ணீர் 50 டிகிரி ஏறினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எவர்சில்வரும் ஏறும். கைப்பிடி, பிளாஸ்டிக் எல்லாம் போக எங்கள் கெட்டிலில் எவர்சில்வர் சுமார் அரை கிலோ. எவர்சில்வரின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 500. அரை கிலோ, 500, 50 டிகிரி: 12,500 ஜூல்.

இரண்டாவது, ஆவி. கடைசியில் கெட்டிலைத் திரும்ப எடை போட்டோம். 4 கிராம் குறைந்திருந்தது. 4 பெருக்கல் 2,260, அதாவது 9,040 ஜூல். எடை போடும் முன் தெர்மாமீட்டரில் ஒட்டியிருக்கும் சொட்டுகளைத் திரும்பக் கெட்டிலுக்குள்ளேயே உதறிவிடுங்கள். இரண்டு கிராம் அதிலேயே போய்விடும்.

மூன்றாவது, சுவர் வழியாக அறைக் காற்றுக்குப் போனது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். மூடியைப் போட்டு 80 டிகிரிக் கெட்டிலைப் பத்து நிமிடம் சும்மா வைத்தோம். 74-க்கு இறங்கியது. தண்ணீரும் எவர்சில்வரும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 4,450 ஜூல். 6 டிகிரிக்கு 26,700. அதை 600 நொடிக்கு வகுத்தால் நொடிக்கு சுமார் 44 ஜூல் வெளியே போகிறது. இது கெட்டில் முழுச் சூட்டில் இருக்கும்போது. சூடேறும் 198 நொடியில் சராசரியாகப் பாதிச் சூடுதான் இருந்திருக்கும் என்று நொடிக்கு 22 ஜூல் போட்டோம். சுமார் 4,400 ஜூல்.

எல்லாம் கூட்டினால் 2,35,940. முகவரி கிடைக்காதது 11,560 ஜூல், வந்த ஆற்றலில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. இதில் பிளாஸ்டிக் கைப்பிடி, அடித்தட்டு, சூடான ஒயர் எல்லாம் இருக்கின்றன. அளவெடுப்பதில் வரும் பிசகும் இருக்கிறது: தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தப்பாகக் காட்டினால் 4,200 ஜூல் போய்விடும், ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு முறை படிக்கிறோம். இந்தப் பிசகின் அளவையும் நோட்டில் எழுதுங்கள். அக்கா மகனின் ஆசிரியை அதிக நேரம் நின்று படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

கணக்கை நேர் செய்வதற்காக எண்களைத் திருத்தாதீர்கள். 81 டிகிரி வந்திருந்தால் 81 என்றே எழுதுங்கள். மூன்று முறை செய்து மூன்றையும் காட்டுங்கள்.

7. மோட்டாரும் மேல்தொட்டியும்

வீட்டில் போர்வெல் இருந்தால் நிலை ஆற்றலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நிறை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஜூல்.

உயரத்தில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். எங்கள் போர் 250 அடி, மோட்டார் இறக்கியிருப்பது 200 அடியில். அதனால் 200 அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. போருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு, ஏனென்றால் அதற்குக் கீழே சுற்றியுள்ள தண்ணீரே தாங்கி மேலே தள்ளிவிடுகிறது. எங்களுக்குத் தண்ணீர் மட்டம் 100 அடி, 30 மீட்டர். மேல்தொட்டி தரையிலிருந்து 10 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். 1,000 லிட்டருக்கு 3,92,000 ஜூல், அதாவது 0.11 யூனிட்.

மோட்டார் ஓடியது 25 நிமிடம். இங்கே எல்லாச் சிமிட்டலையும் எண்ண வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் எண்ணினால் போதும். எங்களுக்கு நிமிடத்துக்கு 58. பெருக்கினால் 16,31,250 ஜூல். தண்ணீரின் உயரத்துக்குப் போனது நூற்றுக்கு 24 மட்டும்தான்.

மீதி 12 லட்சம் ஜூல்? மோட்டாரின் சுருள் சூடாகிறது, பம்புக்குள் தண்ணீர் சுழன்று மோதுகிறது, குழாயில் உரசுகிறது. எல்லாம் கடைசியில் வெப்பமாகி, பெரும்பாலும் அதே தண்ணீருக்குள்தான் போகிறது. மேல்தொட்டித் தண்ணீர் சூடாக இருக்குமா என்று அக்கா மகன் ஓடிப் போய்க் கைவிட்டுப் பார்த்தான். 12,39,250 ஜூலும் 1,000 கிலோ தண்ணீருக்குள் போனாலும் வெப்பநிலை 0.3 டிகிரிதான் ஏறும். கைக்கும் தெரியாது, 280 ரூபாய் தெர்மாமீட்டருக்கும் தெரியாது. ஆற்றல் ‘போய்விட்டது’ என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இப்படித்தான்: பெரிய தொகை, நிறையப் பேருக்கு ஒவ்வொரு பைசாவாகப் பிரிந்துவிட்டது.

8. வண்டியும் பிரேக்கும்

இதைக் காகிதத்தில் மட்டும் போடுங்கள், ரோட்டில் செய்து பார்க்க வேண்டாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ, வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். 54-ஐ அப்படியே இருமடியாக்கினால் விடை கிட்டத்தட்ட 13 மடங்கு ஊதிவிடும். முதலில் 3.6-ஆல் வகுத்து நொடிக்கு 15 மீட்டர் என்று மாற்றுங்கள். நிறையில் பாதி 90, அதை 15-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 20,250 ஜூல். பிரேக் போட்டதும் இது பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கின் வெப்ப இருப்பாகிறது. வேகம் பாதியானால் நான்கில் ஒரு பங்குதான், 5,062 ஜூல்.

9. காஸா, கரண்டா: பணக் கணக்கு

ஆற்றல் கணக்கு கைக்கு வந்துவிட்டால் வீட்டுச் செலவுக்கும் உடனே உதவும். 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோவுக்கு சுமார் 4.6 கோடி ஜூல், மொத்தம் 65 கோடி ஜூல், யூனிட்டில் சொன்னால் 181. அடுப்பில் எரியும்போது அது முழுவதும் பாத்திரத்துக்குப் போகாது. தரச் சான்று பெறும் வீட்டு காஸ் அடுப்பின் பயனுறுதிறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அப்படியானால் பாத்திரத்துக்குப் போவது 123 யூனிட். நம் கெட்டில் 85 சதவீதம் கொடுக்கிறது (வந்த 2,47,500 ஜூலில் தண்ணீருக்குள் போனது 2,10,000), எனவே அதே சூட்டுக்கு 145 யூனிட் மின்சாரம் வேண்டும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் 6.20 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை தண்ணீர் சுட வைக்கக் கெட்டில்தான் மலிவு. உங்கள் சிலிண்டர் விலையை 145-ஆல் வகுத்து உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள்.

ஒப்பிடும்போது பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் சில யூனிட்டுகள் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். புதிதாகச் சேரும் யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ அந்த விலைதான் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து மாறும், அதனால் 490-இல் இருப்பவர்கள் ரீடிங் எடுக்கும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. பிரிட்ஜ், கடைசியாக

பிரிட்ஜை அரை மணி நேரம் அளந்து 48-ஆல் பெருக்காதீர்கள். அது ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். பிளக் மீட்டரை மாட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஸ்டார் லேபிளில் இருக்கும் வருட யூனிட்டை 365-ஆல் வகுத்து அதோடு ஒப்பிடுங்கள். வெயில் காலத்தில் லேபிளைவிட அதிகம் வந்தால் மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம், அறைச் சூடும் கதவு திறக்கும் தடவையும் சேர்ந்ததுதான் அது.

பிரிட்ஜைச் சுற்றியும் கோடு போடுங்கள். ஒயர் வழியாக வந்த ஆற்றலும், உள்ளே வைத்த சாம்பாரிலிருந்து எடுத்த வெப்பமும் சேர்ந்து வெளிப்பக்கத்துக் குழாய்கள் வழியாகச் சமையலறைக்குள் வருகின்றன. பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா என்று கேட்கும் பிள்ளையிடம் இந்தக் கோட்டைக் காட்டி, சமையலறையைச் சுற்றி இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டாவது கோட்டைத் தாண்டி உள்ளே வருவது மின்சாரம் மட்டும்தான், அந்த வழியில் வெளியே போவது ஒன்றுமில்லை. சமையலறை சூடாகத்தான் செய்யும். அக்கா மகன் அந்த இரண்டு கோட்டுப் படத்தை நோட்டின் அட்டையிலேயே ஒட்டிக் கொடுத்தான்.

ஒப்படைக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் எல்லா அளவும் முடிந்திருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வரும் நாளில் பிரிட்ஜ் அளவு வைக்காதீர்கள், 24 மணி நேரமும் வீணாகும். நோட்டோடு சேர்க்க வேண்டியவை: மீட்டர் முகப்பு போட்டோ, கெட்டில் லேபிள் போட்டோ, மூன்று முறை எடுத்த அளவுகளின் அட்டவணை, அளவெடுத்த நாளும் நேரமும் அன்றைய அறை வெப்பநிலையும்.